எஸ்போசிட்டோவும் என் இனிஷியலும்

பெசன்ட் நகரில் அந்த கெஸ்ட் ஹவுஸின் கேட்டைச் சாத்திவிட்டு நடக்கத் தொடங்கியபோது மணி நாலு இருக்கும். பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் அட்டை. பஸ் பிடிப்பதென்றால் அடையாறு பக்கம் போயிருக்க வேண்டும். கால் ஊரூர் குப்பத்துப் பக்கம் திரும்பியது. வேலையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு இப்படித்தான். முதல் அரை மணி நேரம் போக வேண்டிய திசைக்கு எதிரே போவேன். அப்புறம்தான் எங்கே போவது என்பது யோசனைக்கு வரும்.

யாரும் என்னைத் துரத்தவில்லை. மேனேஜர் மேஜையின்மேல் இரண்டு ஃபாரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். வேலையாட்களின் விவரங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய ஃபைலைப் புரட்டியபோது, மூன்று வருடத்துக்கு முன் அதே இடத்தில் நான் எட்டு மாதம் வேலை பார்த்தபோது எழுதிக் கொடுத்த ஃபாரம் அவர் கையில் சிக்கிவிட்டது.

"போன தடவை தகப்பனார் பேர் ஒண்ணு. இந்தத் தடவை வேற ஒண்ணு. எதுடா நெஜம்?"

"ரெண்டும் இல்ல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மயிலாப்பூர்க்காரர், பேங்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"நீ நல்லவன்னு நேக்குத் தெரியும். பேப்பருக்குத் தெரியுமோ? நாளைக்குக் காலம்பற பத்து மணிக்குள்ள ஒரே அப்பாவா எழுதிக் குடு. இல்லேன்னா உன்னை வெச்சுண்டு நான் ஸ்டேஷன்ல பதில் சொல்லிண்டு இருக்க முடியாது."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வேலை வேண்டும். மொட்டை மாடியில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு கிளம்பி இருபத்தைந்து வருடத்தில் எத்தனையோ இடங்களில் வேலை செய்திருக்கிறேன். விட்டுப் போனபின் திரும்பி வந்த இடம் அது ஒன்றுதான். ஆனால் நாளைக் காலை பத்து மணிக்குள் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

குப்பத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு டீக்கடை. நடத்துகிற அக்காவுக்கு என்னை நன்றாகத் தெரியும்.

"இன்னாண்ணே, மூட்டையோட வர? ஊருக்கா?"

"வேலைய உட்டுட்டேன்."

"மறுபடியுமா? ஒக்காரு. உன்ன மாதிரி ஆளுங்களாலதான் பஸ்ஸு ஓடுது."

டீ வருவதற்குள் பின்னால் இருந்து, "இன்னா நைனா" என்று ஒரு குரல். திரும்பிப் பார்க்காமலே யாரென்று தெரிந்தது. எங்கள் கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த இத்தாலிக்கார அம்மா. எங்கள் சமையற்காரன் அவருக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் நாலு வார்த்தை. அதில் இரண்டு இவை.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நேப்பிள்ஸ் நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர். மகள் திருவான்மியூர் பக்கம் நடனம் கற்றுக்கொள்ள வந்திருந்தாள். இவர் லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்திருந்தார். பெண் வகுப்புக்குப் போனபின் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் காலையில் எங்கள் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்குவார், மாலையில் குப்பத்துக்கு வந்து படகுகளையும் மீன்களையும் பார்ப்பார். அவர் ஆங்கிலமும் அரைகுறை, என் ஆங்கிலமும் அரைகுறை. அதனால் எங்களுக்குள் பேச்சு தடையில்லாமல் ஓடியது. நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்களோடுதான் எனக்குச் சிரமம்.

அவர்கள் வந்த முதல் நாளே அவர் பெயரில் நான் ஒரு தப்பு செய்திருந்தேன். வருகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலைகளில் ஒன்று. பெரிய படிப்பு இல்லாவிட்டாலும் எழுத்தைப் பார்த்து எழுத்தை எழுதுவேன், கையெழுத்தும் பரவாயில்லை. அம்மா பெயரோடு எஸ்போசிட்டோ என்று இருந்தது. மகள் பெயரோடும் எஸ்போசிட்டோ. நம் ஊரில் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது அப்பா. அவர் பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். விரித்து எழுதச் சொன்னால் அப்பாவின் முழுப் பெயர். ஆகவே தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் இரண்டு பேருக்கும் எஸ்போசிட்டோ என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரே அப்பாவா? என்னடா இது அக்கிரமம்?" என்றார்.

அந்த அம்மாவிடமே கேட்டோம். விஷயம் புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது யாருடைய அப்பாவும் இல்லை, குடும்பப் பெயர் என்றார். அவருடைய அப்பா எஸ்போசிட்டோ. கணவரும் எஸ்போசிட்டோ. மாமியார் பிறந்த வீட்டிலும் எஸ்போசிட்டோ. இத்தாலியில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வார்களாம், பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயர் போகுமாம். இவர் விஷயத்தில் எந்தப் பக்கம் போனாலும் வந்து சேர்வது அதே பெயர்.

சமையற்காரன் கரண்டியோடு வந்து நின்றான். "அப்போ பங்காளிக்குள்ளயே கட்டிக்கினாங்களா?"

அதை நான் எப்படியோ ஆங்கிலத்தில் சொன்னேன். இல்லை இல்லை, ஒரு சொந்தமும் கிடையாது, எங்கள் ஊரில் இந்தப் பெயர் இல்லாதவரைத் தேடிக் கட்டுவதுதான் கஷ்டம் என்றார் அவர். சமையற்காரனுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒரே பேரு, ஒறவு இல்லியாம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான்.

அவர் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பெயர் என்றால் பெயர். நான் கேட்டது இந்த டீக்கடையில்தான், அதுவும் பேச்சை வேறு பக்கம் திருப்புவதற்காக. என் பையைப் பார்த்துவிட்டு அவர் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபாரத்தில் தகப்பனார் பெயர் தகராறு என்று மட்டும் சொல்லிவிட்டு, "உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்றேன்.

அவர் டீயை ஊதினார். "வெளியே வைக்கப்பட்டது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தன் கிளாஸை எடுத்து, பெஞ்சிலிருந்து நகர்த்தி, கடைக்கு வெளியே மண்ணில் வைத்துக் காட்டினார். "இப்படி. குழந்தை."

பிறகு சொன்னார். அவர் ஊரில் ஒரு தேவாலயத்தை ஒட்டிக் குழந்தைகள் இல்லம் ஒன்று இருந்ததாம். அதன் தெருச் சுவரில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் மரத்தால் செய்த ஒரு உருளை, பாதிப் பக்கம் திறந்திருக்கும். குழந்தையை வளர்க்க முடியாதவர்கள் அதில் வைத்துச் சுற்றிவிடுவார்கள். உருளை சுழன்று குழந்தை உள்ளே போய்விடும். மணி அடித்தால் உள்ளே இருக்கும் கன்னியாஸ்திரி வந்து எடுத்துக்கொள்வார். வைத்தவர் முகத்தை எடுத்தவர் பார்க்க முடியாது, எடுத்தவர் முகத்தை வைத்தவரும் பார்க்க முடியாது. அப்படி வந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைப்பார்கள். குடும்பப் பெயர் வேண்டுமே? வெளியே வைக்கப்பட்டது என்பதற்கு லத்தீனில் உள்ள சொல்லையே எழுதிவிடுவார்கள். எல்லாருக்கும் அதே. வருடக்கணக்கில் அதே. இத்தாலியின் வேறு ஊர்களில் வேறு சொற்கள் உண்டு; ரோம் பக்கம் எறியப்பட்டது என்றே ஒரு பெயர் இருக்கிறது என்றார். நேப்பிள்ஸில் இதுதான்.

டீக்கடை அக்காவுக்கு நான் தமிழில் சொன்னேன். அவர் பால் பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"வெச்சுட்டுப் போனவ திரும்பி வந்து கேட்டா குடுப்பாங்களாமா?"

கேட்டுச் சொன்னேன். சிலர் குழந்தையின் துணியில் ஏதாவது அடையாளம் வைப்பார்களாம், பாதியாக வெட்டிய ஒரு பதக்கம் மாதிரி. மறு பாதியைத் தாங்கள் வைத்திருப்பார்கள். என்றைக்காவது வந்து பொருத்திக் காட்டலாம் என்று. வந்தவர்கள் குறைவு.

"வெச்சாங்களே, அதுவே பெரிசு" என்றார் அக்கா.

என்னை ஒரு ஆஸ்பத்திரி வார்டில் துண்டில் சுற்றி விட்டுப் போயிருந்தார்கள். அடையாளம் ஏதும் இல்லை. துண்டை நான் வளர்ந்த இல்லத்தில் துவைத்துப் பொது உபயோகத்துக்குப் போட்டுவிட்டார்கள் என்று பிற்பாடு ஆயா சொன்னாள். நல்ல கெட்டித் துண்டாம்.

இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. அன்று அந்தப் பெஞ்சில் சொன்னேன். ஒரு காரணம், கேட்கிறவர் இன்னும் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவார். இன்னொரு காரணம், ஒரு பக்கம் கதை கேட்டுவிட்டு மறு பக்கம் சும்மா இருப்பது நன்றாக இல்லை.

எங்கள் இல்லம் கிண்டியைத் தாண்டி இருந்தது. இப்போது இல்லை. நாங்கள் முப்பத்திரண்டு பையன்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கத் தகப்பனார் பெயர் கேட்டார்கள். எங்கள் வார்டன் நேரான மனிதர், யோசிக்க நேரம் இல்லாதவர். முப்பத்திரண்டு ஃபாரத்திலும் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. எங்கள் எல்லாருக்கும் ஒரே இனிஷியல். பெயரைக் கூப்பிடும்போது வாத்தியாருக்கு வாய் வலிக்கும், அத்தனை தடவை அந்த எழுத்து வரும். எங்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த எழுத்துதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் அந்த எழுத்தையும் எங்கள் வயதையும் சேர்த்துப் பார்த்தால் ஹோம் பையன் என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் தடவை கெஸ்ட் ஹவுஸில் சேர்ந்தபோது வார்டன் பெயரைத்தான் எழுதினேன். ஆதாரிலும் அதே இனிஷியல். அப்போதிருந்த வாட்ச்மேன் எங்கள் பக்கத்து ஆள். ஃபாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த ஹோமா நீ?" என்றான். அதோடு விட்டான். எட்டாவது மாதம் ஒரு விருந்தாளியின் போன் சார்ஜர் காணாமல் போனது. ஹாலில் ஏழு பேர் நின்றிருந்தோம். வாட்ச்மேன் என்னைப் பார்த்தான். மற்றவர்கள் அவன் பார்ப்பதைப் பார்த்தார்கள். சார்ஜர் கட்டிலுக்குப் பின்னால் கிடந்தது, பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். மறுவாரம் நான் கிளம்பிவிட்டேன்.

அதன்பின் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அப்பா. கோயம்பேட்டில் ஒருவர், வடபழனியில் ஒருவர். பெயர் தோன்றாதபோது எதிர்க் கடை போர்டைப் பார்த்து எழுதியதும் உண்டு. ஆதாரோடு பொருந்தவில்லையே என்றால், இனிஷியல் தப்பாக விழுந்துவிட்டது சார் என்பேன். ஆதாரில் தப்பு விழாத வீடு ஏது, எல்லாரும் நம்பினார்கள். திரும்பி வராதவனுக்கு இது சரியான வழி. கெஸ்ட் ஹவுஸுக்குத் திரும்பி வந்ததுதான் நான் செய்த பிசகு.

அந்த அம்மா முழுதும் கேட்டார். இரக்கப்படுகிற முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு முன்னால் பார்த்தபடியே கேட்கிற பழக்கம் உண்டு போல, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்திரண்டுதானா?" என்றார் கடைசியில். "எங்கள் டெப்போவிலேயே எஸ்போசிட்டோ ஒன்பது பேர்."

அவர் குடியிருக்கும் கட்டடத்தில் அழைப்பு மணிப் பொத்தான்கள் பதினாறு இருக்கின்றனவாம். நாலில் எஸ்போசிட்டோ. தபால்காரர் நாலு வீட்டிலும் அடித்துப் பார்ப்பார். நேப்பிள்ஸில் எங்கே கல் எறிந்தாலும் அந்தப் பெயர் மேல்தான் விழும். டாக்டர், வக்கீல், திருடன், போலீஸ், எல்லாரிலும் உண்டு. வடக்கே மிலானுக்குப் போனால் பெயரைக் கேட்டதுமே நேப்பிள்ஸா என்பார்கள். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்கள் மூலம் அமெரிக்கா, அர்ஜென்டினா வரைக்கும் போயிருக்கிறது. ஒரு அரசர் காலத்தில், இந்தப் பெயர் பிள்ளைகளுக்கு முத்திரை குத்துவதுபோல் இருக்கிறது, இனி வைக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்களாம். அதற்குள் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

"நீங்கள் மாற்றிக்கொள்ளவில்லையா?" என்றேன்.

சிலர் மாற்றினார்கள் என்றார். அவருடைய அப்பாவிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே செதுக்கியாகிவிட்டது, மறுபடி எவன் செதுக்குவான் என்றாராம் அப்பா.

"அப்படியென்றால் உங்கள் முன்னோர் ஒருவர் அந்த உருளையில்..."

"தெரியாது." தோளைக் குலுக்கினார். "இருக்கலாம். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் குழந்தை ஞாபகம் வராது. பஸ் லேட்டாக வந்தால் என்னைத் திட்டுவார்கள், அப்போது மட்டும் பெயரைப் பார்ப்பார்கள்."

பிறகு, தானே வந்து மேனேஜரிடம் பேசுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். மேனேஜர் கேட்டுக்கொள்வார், இரக்கமும் படுவார். ஆனால் அந்த ஃபைலில் ஏற்கெனவே இரண்டு அப்பாக்கள் இருந்தார்கள். முதலாமவரே மறுபடி வந்தாலும் மூன்றாவது பொய் மாதிரித்தான் இருக்கும். இதை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கச் சிரமப்பட்டேன். அவர் புரிந்துகொண்டாரா தெரியாது. மண்ணில் வைத்த கிளாஸை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். மகள் வகுப்பு முடிந்து வரும் நேரம். போகும்போது, போகிறேன் என்று சொல்லாமல் "வரேன்" என்று சரியாகச் சொன்னார். சமையற்காரன் கற்றுக்கொடுத்ததில் அதுவும் ஒன்று.

நான் அடையாறு பாலத்தின்மேல் ஏறும்போது வெயில் இறங்கியிருந்தது. ஆற்றில் தண்ணீர் இருந்தது, நாற்றமும் இருந்தது. பாலத்தின் நடுவில் போன் அடித்தது. சமையற்காரன்.

"இன்னா மச்சி, சொல்லாம கொள்ளாம போய்க்கினே கீற? எங்க கீற?"

"பாலத்து மேல."

"குதிச்சிடாத, கொசு கடிக்கும். கேளு. எங்க அண்ணி நந்தனத்துல மெஸ் வெச்சிக்கினு கீது, காலேஜ் பசங்களுக்கு. ஆளு இல்லாம திண்டாடுது. காலையில ஆறு மணிக்குப் போ."

"ஃபாரம் கீதா?"

"ஃபாரம் எங்கதான் இல்ல? எடத்து ஓனர் கேப்பான். எழுதிக் குடு, எதுனா ஒண்ணு."

எதுனா ஒண்ணு என்றால் எனக்கு மூன்று வருடப் பழக்கம். மந்தைவெளி வழியாக மயிலாப்பூர் வரை நடந்தேன். குளத்தைச் சுற்றிக் கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். மாட வீதியில் ஒரு பழைய வீட்டு வாசலில் கல் பலகை, அதில் ஐந்து பெயர்கள், ஐந்துக்கும் ஒரே இனிஷியல். அண்ணன் தம்பிகளாக இருக்க வேண்டும். வழக்கமாக இந்த மாதிரிப் பலகைகளில் இருந்து எனக்கு ஒரு அப்பா பெயர் கிடைத்துவிடும். அன்று நின்று படித்தேன், ஆனால் எடுத்துக்கொள்ளவில்லை. தெரிந்தவர் ஒருவரின் அறையில் படுத்துக்கொண்டேன்.

காலையில் ஆறு மணிக்குள் நந்தனம் போய்விட்டேன். மைதானத்தில் பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மெஸ் ஒரு சந்துக்குள், முன்னால் தகரக் கொட்டகை. சமையற்காரனின் அண்ணி இடியாப்பம் பிழிந்துகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா அது? நின்னு வேல செய்வியா, இல்ல நடந்துக்கினே இருப்பியா?"

"செய்வேன்க்கா."

"அந்த டப்பா மேல ஃபாரம் கீது. எழுதிட்டு வா."

பெயர் எழுதினேன். ஆதாரில் இருக்கும் இனிஷியலோடு எழுதினேன். தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் வார்டனின் பெயரை முழுதாக எழுதி, பக்கத்தில் 'இல்லத்தின் வார்டன், வளர்த்தவர்' என்று சேர்த்தேன். இடம் போதவில்லை. கடைசி எழுத்துகள் அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டன. ஆதாரையும் சேர்த்து அவரிடம் கொடுத்துவிட்டு நின்றேன். சார்ஜர் காணாமல் போன அன்று ஹாலில் நின்ற மாதிரியே நின்றேன் என்பது எனக்கே தெரிந்தது.

அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். நிதானமாகப் படித்தார்.

"ஹோமா?"

"ஆமாக்கா. முப்பத்திரண்டு பேருக்கும் இவர்தான்."

"கிண்டிக்கு அந்தாண்ட இருந்துச்சே, அதுவா?"

"அதுதான்."

"ரெண்டு வருசம் முன்ன ஒருத்தன் இங்க இருந்தான். இதே எழுத்து. இதே அப்பா. ரசம் வெச்சான்னா பசங்க கிளாஸ்ல வாங்கிக் குடிப்பானுங்க." ஃபாரத்தை மடித்து டப்பாவுக்குள் வைத்தார். "திருவள்ளூர்ல கல்யாணம்னு போனான், அங்கயே தங்கிட்டான். கொழந்தை பொறந்துக்கீதுன்னு போன வாரம்தான் போன் பண்ணான். நீ ரசம் வெப்பியா?"

"சுமாரா வெப்பேன்."

அந்தக் குழந்தையின் இனிஷியல் அவன் பெயரின் முதல் எழுத்தாக இருக்கும். எங்கள் எழுத்து அங்கே நின்றுவிட்டது. இத்தாலியைப் போல நம் ஊரில் அது பேரன்வரைக்கும் போவதில்லை. இதை யோசித்துக்கொண்டு நின்றவனை அவர் முழங்கையால் இடித்தார்.

"சுமார் ரசத்த அப்புறம் பாக்கலாம். ஏழரைக்குப் பசங்க வந்துடுவானுங்க. அந்த மூட்டையப் பிரி."

பெரிய வெங்காயம், அரை மூட்டை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு உரிக்க உட்கார்ந்தேன்.